ரெக்கார்டிங்ல கேட்டா என் குரலே எனக்குப் பிடிக்கலையே, பாடறதை விட்டுடலாமா?

காட்பாடியிலேர்ந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. நாலு வருஷமா பாட்டு கத்துக்கறாங்களாம், மார்கழியில கோயில்ல திருப்புகழ் பாடினதை வீட்டுக்காரர் போன்ல எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டார், எல்லாரும் நல்லாருக்குன்னாங்க, ஆனா இவங்க கேட்டா கீச்சுனு இருக்காம், முகமும் கோணலா தெரியுதாம்.

விட்டுடாதீங்கம்மா. நாம பாடிக்கினு இருக்கும்போது குரல் காத்து வழியா மட்டும் காதுக்கு வர்றதில்ல, அந்த அதிர்வு மண்டை எலும்பு வழியாவும் உள்காதுக்குப் போகுது, அதுல அடிக்குரல் தூக்கலா இருக்கறதால நம்ம குரல் நமக்கு மட்டும் கனமா கேக்கும். ரெக்கார்டிங்ல அந்த எலும்பு வழி கிடையாது, அதான் மெலிஞ்சு போன மாதிரி இருக்கு. மத்தவங்க இத்தனை வருஷமா கேட்டது இந்தக் குரலைத்தான், அதைத்தான் நல்லாருக்குன்னு சொல்றாங்க. இதுல போன் ஸ்பீக்கர் வேற சின்னது, அடிக்குரலே சரியா வராது, ஹெட்போன்ல கேளுங்க.

முகமும் அப்படித்தான், தினம் கண்ணாடியில பாக்கறது இடவலம் மாறின முகம், வீடியோவுல இருக்கறது ஊர் பாக்கற முகம். 1977ல ஒரு ஆய்வுல போட்டோவைக் காட்டி கேட்டப்போ ஆளுங்களுக்கு கண்ணாடி முகமும் அவங்க பிரெண்ட்ஸுக்கு நிஜ முகமும்தான் அதிகம் பிடிச்சுது. பழக்கம்தான் காரணம்.

என்கிட்ட கத்துக்க வர்ற பசங்களுக்கு நான் சொல்றது இதான். போனை ஆறடி தள்ளி வைங்க, பின்பக்க கேமராவுல எடுங்க, கிட்ட வெச்சா மூக்கு பெருசாதான் தெரியும். பாடின அன்னிக்கே கேக்காதீங்க, ரெண்டு நாள் போகட்டும். முதல்ல திரையைப் பாக்காம சத்தம் மட்டும், ஒரு தடவை சுருதிக்கு, இன்னொரு தடவை தாளத்துக்கு (திருப்புகழ்ல சந்தம் எங்க ஓடிப்போச்சுன்னு ரெக்கார்டிங்லதான் பளிச்சுனு மாட்டும்), குரல் எப்படியிருக்குன்ற கேள்வியே அப்ப வேணாம். அப்புறம் சத்தத்தை நிறுத்திட்டு வீடியோ பாருங்க, தாடை இறுகுதா, மேல் ஸ்தாயிக்குப் போறப்ப தோள் தூக்குதா, இது ரெண்டும் இருந்தா குரலையே நெரிக்கும், அதை மட்டும் உங்க டீச்சர்கிட்ட காட்டுங்க. வாரம் ஒரு பாட்டு எடுத்தா போதும், கொஞ்ச நாள்ல அந்தக் கூச்சம் குறையறது உங்களுக்கே தெரியும்.

கீச்சுனு இருக்கறது வேற, கரகரப்பு வேற. கரகரப்பு மூணு வாரம் தாண்டியும் போகலன்னா காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க, அதுவரைக்கும் மேல் ஸ்தாயி சாதகம் வேணாம்.