வாங்கிக் கட்டிக்கொண்டாரா ஜேமஸ் லிம்?

கேள்வி: செங்காங் எம்பி ஜேமஸ் லிம்மைப் பொருளியல் பேராசிரியர் என்று தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். நாடாளுமன்றத்துக்குப் போன புதிதில் அவர் என்ன கிழித்தார்? எழுந்தார், பேசினார், தர்மனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சட்டத்தில் ஒரு வரியாவது அவரால் மாறியதா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: மாறவில்லை. மாறியிருந்தால்தான் நான் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பேன். சிங்கப்பூரின் 2020 தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த 93 பேரில் ஆளும் மக்கள் செயல் கட்சியினர் (மசெக) 83 பேர், லிம்மின் பாட்டாளிக் கட்சியினர் 10 பேர். தோற்றாலும் நல்ல வாக்கு வாங்கியதால் தொகுதியில்லா உறுப்பினர்களாக வந்த சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சியின் இருவரையும் சேர்த்தால் எதிர்வரிசையில் 12 பேர். இந்தக் கணக்கில் யார் சட்டத்தை மாற்ற முடியும்? ஆளும் கட்சியின் பின்வரிசையில் இருப்பவர்கள் எத்தனை வரியை மாற்றினார்கள் என்று இதே வேகத்தில் நீங்கள் எழுதிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தேர்தலுக்கு முன் தொலைக்காட்சி விவாதத்தில் லிம் கொடுத்த வாக்குறுதியும் அடக்கமானதுதான். மசெக ஆட்சி அமைப்பதைத் தடுக்க நாங்கள் வரவில்லை, அதற்கு வெற்றுக் காசோலை கிடைப்பதைத் தடுக்கத்தான் வந்தோம் என்ற பொருளில் பேசினார். செங்காங் மக்கள் 52.12 விழுக்காடு வாக்கு கொடுத்தார்கள். அவரை அளப்பதென்றால் அந்த வாக்குறுதியை வைத்து அளக்க வேண்டும்.

சரி, நீங்கள் சொல்லும் தர்மன் விஷயத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்டில் அதிபர் ஹலிமா யாக்கோப் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்தார். அந்த உரைக்கு நன்றி சொல்லும் விவாதம் செப்டம்பர் முதல் வாரத்தில் நடந்தது. லிம்மின் கன்னிப்பேச்சு அதில்தான். கொள்கை வகுக்கும்போது செயல்திறனை மட்டும் பார்க்காமல் இரக்கத்தையும் பாருங்கள் என்பது பேச்சின் சாரம். குறைந்தபட்ச சம்பளமும் அதில் வந்தது. மாதம் 1,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்பது பாட்டாளிக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலேயே இருந்த தொகை. அளவாக வைத்தால் வேலையிழப்பு பெருகாது என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன என்பது லிம்மின் வாதம்.

பதில் சொல்ல எழுந்தவர் அப்போது மூத்த அமைச்சராக இருந்த தர்மன் சண்முகரத்னம். இதைத்தான் நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள். அன்றைய அரசாங்கத்தில் பொருளியலை நன்கு அறிந்தவர்களின் பட்டியல் போட்டிருந்தால் முதல் பெயராக வந்திருப்பவர் அவர். சபைக்கு வந்து சில நாளே ஆன ஒருவர் அவரை எழ வைத்து, துறைவாரியாகப் படிப்படியாகச் சம்பளத்தை உயர்த்தும் முறை ஏன் மேல், நாடு முழுவதற்கும் ஒரே தொகை என்றால் என்ன ஆபத்து, தொகையை உயர வைத்துவிட்டால் முதலில் வேலையை இழப்பவர் யார் என்றெல்லாம் விளக்க வைத்தார். அந்த விளக்கம் நாடாளுமன்றக் குறிப்பில் ஏறிவிட்டது. இனி எந்த அமைச்சரும் அதிலிருந்து நழுவ முடியாது. இதற்குப் பெயர் வாங்கிக் கட்டிக்கொள்வது என்றால், எல்லாப் புதுமுகங்களும் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

லிம்முக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அந்தப் பேச்சில் அவர் ஒரு பெரிய ஓட்டையை விட்டார். இரக்கம் என்ற சொல்லை முன்னால் நிறுத்தியதில், எதிரே இருப்பவர்களுக்கு அது இல்லை என்ற தொனி வந்துவிட்டது. தர்மன் விடுவாரா? இரக்கம் யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்று அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் ஊரெல்லாம் பேசியது அதைத்தான். 1,300 வெள்ளி பின்னால் போய்விட்டது. கையில் ஆய்வு முடிவுகளை வைத்திருக்கும் பேராசிரியர் இதயத்தைப் பற்றிப் பேசி அமைச்சருக்குத் தப்பிக்க வழி விட்டிருக்கக் கூடாது. எத்தனை பேர் அந்தத் தொகைக்குக் கீழே வாங்குகிறார்கள் என்ற ஒற்றைக் கேள்வியோடு நின்றிருந்தால், பதில் சொல்வது தர்மனுக்கே சிரமமாக இருந்திருக்கும்.

அந்தக் கேள்வி அடுத்த மாதமே வந்தது. அக்டோபரில் எதிர்க்கட்சித் தலைவர் பிரித்தம் சிங் ஒரு லட்சம் பேர் என்றார். தேசிய தொழிற்சங்கக் காங்கிரசின் துணைத் தலைமைச் செயலாளராக இருந்த டாக்டர் கோ போ கூன், குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் வேலைநலத் துணை வருமானத்தையும் முதலாளி கட்டும் மத்திய சேமநிதியையும் சேர்த்துப் பார்த்தால் 32,000 ஊழியர்கள்தான், அதாவது 1.7 விழுக்காடு என்றார். எந்தக் கணக்கு நியாயம் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அரசாங்கம் போடும் துணைத்தொகையைச் சேர்த்துவிட்டு, முதலாளி கொடுக்கும் சம்பளம் போதும் என்று வாதிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது இருக்கட்டும். இந்த இரண்டு எண்களும் நம் முன்னால் வந்து விழுந்ததே எதிர்வரிசை இந்தப் பேச்சை விடாமல் பிடித்திருந்ததால்தான்.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர்களை வேலைக்கு வைக்கும் நிறுவனங்கள் தங்கள் உள்ளூர் முழுநேர ஊழியர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 1,400 வெள்ளி கொடுத்தே ஆகவேண்டும் என்ற விதி 2022 செப்டம்பரில் வந்தது. 2024 ஜூலையில் அது 1,600 ஆனது. குறைந்தபட்ச சம்பளம் என்று அரசாங்கம் இதை அழைப்பதில்லை. வெளிநாட்டவரே இல்லாத கடைக்கு இது பொருந்தாது என்பதால் அழைக்கவும் முடியாது. இது லிம்மால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். துப்புரவுத் துறையில் படிப்படியான சம்பள முறை 2012லேயே தொடங்கிவிட்டது, தொழிற்சங்கமும் தன் பங்குக்கு உழைத்தது. ஆனால் சம்பளத்துக்கு ஓர் அடித்தளம் வேண்டும் என்று கேட்டவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சிரித்தவர்கள் 2022க்குப் பிறகு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

புதிய எதிர்க்கட்சி உறுப்பினர் உண்மையிலேயே வாங்கிக் கட்டிக்கொள்வது எப்படி என்று தெரிய வேண்டுமா? அதே செங்காங் அணியில் இருந்த ரயீசா கானைப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 3 அன்று, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணோடு தான் காவல் நிலையம் போனதாகவும், அங்கே அதிகாரி தகாத முறையில் பேசியதாகவும் சபையில் சொன்னார். அக்டோபரில் அமைச்சர் சண்முகம் விவரம் கேட்டபோதும் அதையே சொன்னார். நவம்பர் 1 அன்று, தான் உடன் போகவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். மாதக் கடைசியில் பதவி விலகினார். 35,000 வெள்ளி அபராதம். அது அவரோடு முடியவில்லை. இந்த விவகாரத்தை விசாரித்த நாடாளுமன்றச் சிறப்புரிமைக் குழுவிடம் பொய் சொன்னதாக பிரித்தம் சிங் மீது வழக்குப் போடப்பட்டு, 2025 பிப்ரவரியில் அவருக்கு 14,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. காவல் நிலையங்களில் பெண்கள் நடத்தப்படும் விதம் பற்றிய நியாயமான கேள்வியும் அந்தப் பொய்யோடு சேர்ந்து புதைந்தது. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த, பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினம் 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து உள்ளே போனபோது, எதிர்வரிசையில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் லிம்முக்கு வாய்த்தது சொகுசான தொடக்கம். அலுவலகமும் அலவன்சும் உள்ள எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் முன்னால் இருந்தார். 2021 ஜனவரியிலிருந்து கூட்டம் நேரலையில் வருகிறது. வெட்டி ஒட்டிய இரண்டு நிமிடத் துணுக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டிய அவசியம் இப்போது நமக்கு இல்லை.

2025 மே மாதம் செங்காங் மக்கள் பாட்டாளிக் கட்சியை 56 விழுக்காட்டுக்கும் மேல் வாக்களித்துத் திரும்ப அனுப்பினார்கள். அவர்களுக்குத் திருப்தி போலிருக்கிறது. நீங்களோ தெம்பனிஸ்வாசி. அந்த 32,000 கணக்கை அவையில் வைத்த டாக்டர் கோ உங்கள் குழுத்தொகுதி உறுப்பினர்தான். எதிரே யாரும் கேட்காமல் இருந்திருந்தால் அந்த எண்ணை வெளியே சொல்லியிருப்பாரா என்று அடுத்த மக்கள் சந்திப்பில் அவரிடமே கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.