பத்து மாதம் வரைந்து மறைந்த ஷராக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானிய ஓவியர் ஷராக்கு எத்தனை நாள்தான் வரைந்தார்?

பதில்: எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) 1794ஆம் ஆண்டு, பழைய நாள்காட்டியின் ஐந்தாம் மாதம் அவர் படங்கள் வெளிவந்தன. 1795 தொடக்கத்தோடு சரி. சுமார் பத்து மாதம், 140க்கும் மேற்பட்ட மர அச்சுப் படங்கள். பெரும்பாலும் காபுகி என்ற ஜப்பானிய மேடை நாடகத்தின் நடிகர்கள். எல்லாவற்றையும் வெளியிட்டவர் சுதாயா ஜூசாபுரோ.

கேள்வி: அண்ணா, நான் ஓவியம் படிக்கிறேன். இவர் படங்களில் கைகள் சின்னதாக, கோணலாக இருக்கின்றனவே. கை வரையத் தெரியாதவரா?

பதில்: அப்படிச் சொல்லிவிடாதீர்கள், தம்பி. மூன்றாம் ஓதானி ஓனிஜி என்ற நடிகர், எடோபே என்ற வில்லன் வேடத்தில் இருக்கும் படத்தை எடுத்துப் பாருங்கள். பணத்தைப் பறிக்கப் பாயப்போகிற நொடி அது. முகம் முன்னால் நீள்கிறது, புருவம் ஏறியிருக்கிறது, உதடு இறுகிக் கீழே வளைகிறது. மார்புத் துணிக்குள்ளிருந்து இரண்டு கைகளும் விரல்களை விரித்துக்கொண்டு வெளியே வருகின்றன. அந்தக் கைகள் அளவாக இருந்திருந்தால் நம் கண் முகத்தை விட்டு அங்கே போயிருக்கும். பின்னணியில் காக்காப்பொன் பொடி சேர்த்த கருமை. தாளைக் கொஞ்சம் சாய்த்தால் மினுங்கும். அந்த மினுக்கத்துக்கு முன்னால் முகம் அப்படியே எழுந்து வரும்.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் ஏன் நிலைக்கவில்லை?

பதில்: உண்மையை அதிகமாக வரைந்ததால்தான். அவர் காலத்து எழுத்தாளரான ஓதா நான்போவும் இதையேதான் எழுதிவைத்தார். ரசிகர்கள் காசு கொடுத்தது தங்கள் நாயகனை அழகாகப் பார்க்க. இவரோ ஸ்திரீபார்ட் போடும் நடிகரின் பவுடருக்கு அடியில் இருந்த ஆண் தாடையை வரைந்தார். அதே ஆண்டில் தொயோகுனி என்ற இன்னொரு ஓவியர் நடிகர்களை எடுப்பாக வரைந்து பெயர் வாங்கிவிட்டார்.

கேள்வி: ஷராக்கு என்ற பெயரில் வரைந்தவர் உண்மையில் யார்? புகழ்பெற்ற ஓவியர் ஹொகுசாய்தான் என்கிறார்களே?

பதில்: நான் அதை ஏற்பதில்லை. சைதோ ஜூரோபே என்ற, ‘நோ’ எனும் பழைய ஜப்பானிய நாடக வகையின் நடிகர்தான் ஷராக்கு என்று 1844இலேயே எழுதியிருக்கிறார்கள். அவா பகுதியின் பிரபுவிடம் பணி, எடோவின் ஹட்சோபோரியில் வீடு. அப்படி ஒருவர் இருந்தாரா என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். அப்புறம் 1997இல் ஒரு கோயிலின் இறப்புப் பதிவேட்டில் அவர் பெயர் கிடைத்தது: 1820இல், 58 வயதில் இறந்திருக்கிறார். அவரும் மேடையில் நின்றவர் என்பதால்தான் வேடத்துக்குள் இருக்கும் ஆள் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: முதலில் எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

பதில்: முதல் 28. எல்லாம் மார்பளவு முகங்கள். அடுத்து வந்த முழு உருவப் படங்களில் கோடு தளர்ந்துகொண்டே போகிறது. கடைசிப் படங்களைப் பார்க்க எனக்கு வருத்தமாகவே இருக்கும்.