ஈறுகளில் இரத்தம் கசிவதற்குக் கருவேலம்பட்டை போன்ற நாட்டு மருந்துகள் பலன் தருமா?

பலன் தரும். ஆனால் எதற்குத் தரும், எதற்குத் தராது என்பதைப் பிரித்தறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதை நான் பட்டறிந்து சொல்கிறேன்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதில் வரும் வேல், பலர் நினைப்பதுபோல் வேம்பு அன்று, அது கருவேலமரம். ஆலம்விழுதிலும் கருவேலம்பட்டையிலும் துவர்ப்புத் தரும் டானின் மிகுதி. அது ஈறுகளின் மேற்பரப்பிலுள்ள புரதத்தோடு சேர்ந்து திசுவை இறுக்குவதால், வீக்கம் தணிந்து கசிவு குறைகிறது. கடுக்காயும் மாசிக்காயும் இந்தத் துவர்ப்பினாலேயே ஈறுகளுக்கு உதவுகின்றன.

எங்கள் இராமநாதபுரம் பக்கம் காடாக மண்டிக் கிடப்பது சீமைக்கருவேலம். அதன் பட்டையை உரித்துவிடாதீர்கள். நாட்டுக் கருவேலம் மஞ்சள் நிறத்தில் உருண்டையாகப் பூக்கும். அதன் காய் மணி கோத்தாற்போல் விதைக்கு விதை இடுங்கியிருக்கும். அந்தப் பட்டையில் ஒரு பிடி எடுத்து இடித்து, இரண்டு தம்ளர் நீர் ஒன்றாகச் சுண்டும்வரை காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும் என்பதால், என் அப்பத்தா மண்சட்டியில்தான் காய்ச்சுவார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே கசிவு இருந்தது. அந்தக் கஷாயத்தால் இரண்டு வாரங்களில் இரத்தம் நின்றது. குணமாகிவிட்டது என்று நம்பி, ஓராண்டுக்கு மேல் பல் மருத்துவரிடம் செல்லாமலே இருந்துவிட்டேன். கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கிய பின் சென்றபோது, ஈறுகளுக்கு அடியில் காரை படிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருந்தது. பல்லோரத்தில் சேரும் கிருமிப் படலம் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் கெட்டிப்படுவதே காரை. அதை எந்தக் கஷாயமும் கரைக்காது. மருத்துவர் கருவி கொண்டுதான் சுரண்டி எடுக்க வேண்டும். மேலே கசிவை நிறுத்திய துவர்ப்பு, உள்ளே நோய் வளர்வதை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. கரைந்த எலும்பு திரும்ப வளரவில்லை.

ஆகவே முதலில் காரையை எடுத்துவிடுங்கள். அதன்பின் புண்பட்ட ஈறுகள் ஆறுவதற்குக் கஷாயம் நல்ல துணை. கரி, செங்கற்பொடி போன்றவற்றால் தேய்க்க வேண்டாம். அவை பல்லின் எனாமலைத் தேய்த்து, ஈறுகளையும் கீறும். உங்களுக்கு நீரிழிவு இருந்தாலோ, ஈறுகளில் சீழ் வந்தாலோ, பல் ஆடினாலோ, பட்டை தேடிப் போகாமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.