80-க்கு 58 காட்டும் சிலிண்டரோடு பழைய செஸ்னா 172-ஐ வாங்கலாமா?

கேள்வியில் உள்ளது 150 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320 எஞ்சின் பூட்டிய 172 சிறு விமானம். நான்கு சிலிண்டருக்கும் விற்பவர் கொடுத்த கம்ப்ரஷன் டெஸ்ட் ரீடிங், 80-க்கு 76, 74, 58, 75. அந்த 58-ஐப் பார்த்து ஓடிவிடவும் வேண்டாம், மற்ற மூன்றைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். காற்று எந்த வழியாகக் கசிகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கார் மெக்கானிக் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டுப் பார்க்கும் டெஸ்ட் அல்ல இது. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு) அழுத்தக் காற்றை விடுவார்கள். காற்று 0.040 அங்குலத் துளை ஒன்றைக் கடந்துதான் சிலிண்டருக்குள் போகும். துளைக்கு முன்னால் அழுத்தம் காட்டும் ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ். சிலிண்டரில் கசிவு கூடினால் பின்னால் இருக்கும் கேஜ் இறங்கும். எஞ்சின் ஓடி நின்ற சூட்டிலேயே எடுக்க வேண்டும். ஆறிய எஞ்சினில் எடுத்த ரீடிங்கை வைத்து விலை பேசாதீர்கள்.

பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்று. இந்த பிஸ்டனின் விட்டம் ஐந்தே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 80 பி.எஸ்.ஐ. என்றால் அதன் தலையில் சுமார் 1,600 பவுண்டு விசை. உச்சியிலிருந்து கொஞ்சம் நழுவினாலும் ப்ரொப்பெல்லர் விசிறியடிக்கும். மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்சாரம் தருவது) ஆஃப், மிக்ஸ்சர் (எரிபொருள் லீவர்) கட்-ஆஃப், ப்ரொப்பெல்லரைப் பிடிக்கத் தனியாக ஓர் ஆள். இவை இல்லாமல் தொடங்கக் கூடாது.

காற்று உள்ளே இருக்கும்போதே காதை வையுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் பிஸ்டன் ரிங். ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. எக்ஸாஸ்ட் குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. பயப்பட வேண்டியது இதற்குத்தான். ரிங்குகளின் இடைவெளிகள் தற்செயலாக ஒரே நேர்கோட்டில் வந்து நின்றாலும் ரீடிங் விழும், ஒரு மணி நேரம் பறந்துவிட்டு மறுபடி எடுத்தால் ஏறியிருக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் பக்கம் சீறினால் பறக்கும் முன் போர்ஸ்கோப்பை (துளை வழியே உள்ளே பார்க்கும் மெல்லிய கேமரா) உள்ளே விட்டுப் பாருங்கள். நல்ல வால்வின் முகத்தில் படிவு நடுவிலிருந்து விளிம்புவரை வட்ட வட்டமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் பச்சை கலந்து வெளிறி, வட்டம் கோணியிருந்தால் அந்த வால்வு எரியத் தொடங்கிவிட்டது. அதோடு பறக்க வேண்டாம்.

எஞ்சினைச் செய்த லைகமிங் சொல்வது இது: 70-க்கு மேல் இருந்தால் நல்லது, 65-க்குக் கீழே தேய்மானம், 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும், 60-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றுவதை யோசிக்க வேண்டும். சிலிண்டர்களுக்குள் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. வித்தியாசம் வந்தாலே காரணம் தேட வேண்டும். உங்களுடையதில் 18 இருக்கிறது. இன்னொரு கம்பெனியான கான்டினென்டலின் எஞ்சினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மாஸ்டர் ஆரிஃபிஸ் என்ற கருவி அன்றைய கீழ் வரம்பைக் காட்டும், அது பெரும்பாலும் நாற்பதுகளில் இருக்கும். அங்கே 58 தேறிவிடலாம்.

லாக்புக்கில் முந்தைய ஆண்டுகளின் ரீடிங்கையும் பாருங்கள். மெல்ல மெல்ல 58-க்கு வந்தது வேறு, போன வருடம் 74 இருந்து திடீரென விழுந்தது வேறு. வருடா வருடம் நான்கும் 78, 78, 78, 78 என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

நான்கும் 78 என்பது உண்மையாகவே இருந்தாலும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. விமானம் மாதக்கணக்கில் நின்றால் ஆயில் வடிந்து கேமும் அதன்மேல் உரசும் டேப்பெட்டும் துருப்பிடிக்கும், பிறகு ஓட ஓடப் பெயரும். எனவே ஆயில் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து உலோகத் துகள் இருக்கிறதா பாருங்கள். பறந்த மணி நேரம் குறைவு என்று விற்பவர் பெருமைப்பட்டால் இதை இன்னும் கவனமாகச் செய்யுங்கள். ஆயில் செலவையும் கேளுங்கள். இந்த எஞ்சினுக்கு மணிக்கு அரை குவார்ட் (சுமார் அரை லிட்டர்) என்பது உச்ச வரம்பு, நல்ல எஞ்சின் அதைவிட வெகுவாகக் குறைவாகவே குடிக்கும்.

எக்ஸாஸ்ட் வால்வு எரிந்தது உறுதியானால் அந்த ஒரு சிலிண்டரை விற்பவர் செலவில் கழற்றச் சொல்லுங்கள். அந்தத் திறப்பு வழியாகக் கேம் லோபை (கேமின் புடைப்பை) கண்ணாலேயே பார்த்துவிடலாம். 'கையோடு மற்ற மூன்றையும் செய்துவிடலாம்' என்பார்கள், சம்மதிக்காதீர்கள். சிலிண்டர்களைக் கழற்ற, எஞ்சினை இறுக்கிப் பிடிக்கும் த்ரூ-போல்ட்டுகளைத் தளர்த்தி, திரும்ப முறுக்கும்போது டார்க் (இறுக்கத்தின் அளவு) சரியாக வராமல் போனால் கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் நகரும். நன்றாக இருந்த எஞ்சின் அப்படிக் கெட்டுப்போவது உண்டு.