கண்ணாடி கேபினெட்: அழகு சரி, காற்று எந்த வழியாக வரும்?

கேள்வி: வீடியோ எடிட்டிங்குக்கும் கேமிங்குக்கும் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டும், 310 மி.மீ. நீளமுள்ள கிராபிக்ஸ் கார்டும் வாங்கிவிட்டேன். முன்பக்கமும் இடப்பக்கமும் கண்ணாடி, வண்ண விளக்கு எரியும் மூன்று ஃபேன்கள் என்று ஒரு சின்ன கேபினெட் மிகவும் பிடித்துவிட்டது. நண்பர்களோ, "கண்ணாடிப் பெட்டி சூடாகும், வேண்டாம்" என்கிறார்கள். வாங்கலாமா? வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. அந்த கேபினெட்டின் அடிப்பகுதியிலோ, மதர்போர்டுக்கு முன்னால் பக்கவாட்டிலோ ஃபேன் மாட்ட இடம் இருக்க வேண்டும். அந்த ஃபேனுக்கு வெளிக்காற்று வரத் தாராளமான துளைகளும் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் பழி போடுவது தவறான இடத்தில். கண்ணாடி எதையும் சூடாக்குவதில்லை. முழுவதும் இரும்புத் தகட்டால் ஆன பெட்டியிலும் தகட்டின் வழியாக வெளியேறும் வெப்பம் கொஞ்சம்தான். ஏறக்குறைய எல்லா வெப்பமும் காற்றோடுதான் வெளியே போகிறது. தகட்டில் துளை போடலாம், கண்ணாடியில் போட மாட்டார்கள். சிக்கல் இவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கிராபிக்ஸ் கார்டு 250 வாட், பிராசஸர் 100 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது, ஆக 350 வாட் வெப்பம் அந்தப் பெட்டிக்குள் பிறக்கிறது. உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியேற வேண்டுமென்றால், நொடிக்குச் சுமார் 30 லிட்டர் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். நீங்கள் பார்த்த அளவிலான கேபினெட்டின் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய 30 லிட்டர்தான் இருக்கும். அதாவது, முழு லோடில் ஓடும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று மொத்தமும் நொடிக்கு ஒரு முறை மாற வேண்டும்! இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த கேபினெட்டின் படத்தை மறுபடியும் பாருங்கள். இவ்வளவு காற்று எந்த வழியாக வரும்?

முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினெட்டுகளில் இரண்டு வகை உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் வகையில் கண்ணாடிக்குப் பின்னாலேயே ஃபேன்கள் இருக்கும். கண்ணாடியின் ஓரத்தில் உள்ள இடுக்கு வழியாகத்தான் அவை காற்றை இழுக்க வேண்டும். 120 மி.மீ. ஃபேன் ஒன்றின் பரப்பு சுமார் 110 சதுர செ.மீ., இரண்டுக்கு 220. இடுக்கு ஒரு செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து வெறும் 60 சதுர செ.மீ. ஃபேனுக்குத் தேவையான வாசலில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல்தான் திறந்திருக்கிறது. அதன்மேல் ஒரு தூசி வலையும் வந்து உட்கார்ந்தால், ஃபேன் இரைச்சல் மட்டும் கேட்கும், காற்று வராது. நான் வேண்டாம் என்று சொல்வது இந்த வகையை.

இரண்டாவது வகையை மீன்தொட்டி மாடல் என்பார்கள். இதில் கண்ணாடிக்குப் பின்னால் ஃபேன் இருக்காது. அடியிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காற்று உள்ளே வந்து, மேல்பக்கமும் பின்பக்கமும் வழியாக வெளியேறும். இது நல்ல ஏற்பாடு. குறிப்பாக, கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே இருக்கும் ஃபேன், வெளிக்காற்றைச் சுடச்சுட இல்லாமல் அப்படியே கார்டின் ஃபேன்களுக்குக் கொண்டு சேர்க்கும். உங்கள் கேபினெட் இந்த வகை என்றால், உடன் வரும் மூன்று ஃபேன்களில் இரண்டையாவது அடியில் மாட்டுங்கள். ஒன்றைப் பின்பக்கம் வெளியேற்ற வையுங்கள்.

அடி ஃபேன் வைக்கும்போது கேபினெட்டின் கால்களையும் பாருங்கள். பல சின்ன மாடல்களில் கால் ஒரு செ.மீ. உயரம்கூட இருக்காது. தரைக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு செ.மீ. இடைவெளியாவது வேண்டும் என்பது என் கருத்து. கம்பளத்தின் மேல் வைத்தால் கால்கள் அமுங்கி அந்த இடைவெளியும் போய்விடும்.

அடுத்தது, இந்த மாதிரி கேபினெட்டுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. ஃபேனுக்கு முகம், முதுகு என்று இரண்டு பக்கம் உண்டு. சாதாரண ஃபேன் முகப்பக்கம் காற்றை இழுத்து, மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் உள்ள முதுகுப்பக்கம் தள்ளும். விளக்கு அழகாகத் தெரிவது முகப்பக்கம். அடி ஃபேன் காற்றை உள்ளே தள்ள வேண்டுமென்றால், கண்ணாடி வழியாகப் பார்ப்பவருக்குத் தெரிவது முதுகுப்பக்கம்தான். அது பிடிக்காமல் ஃபேனைத் திருப்பி மாட்டிவிடுகிறார்கள். உடனே அது உள்ளே வர வேண்டிய காற்றை வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. எல்லா ஃபேனும் வெளியே தள்ளினால், பெட்டி கிடைக்கிற இடுக்கிலெல்லாம் தூசியோடு காற்றை உறிஞ்சும். இதற்காகவே இறக்கைகளை எதிர்த்திசையில் வளைத்த ரிவர்ஸ் ஃபேன்கள் வருகின்றன. அவற்றில் முகமும் தெரியும், காற்றும் உள்ளே வரும். உங்கள் கேபினெட்டோடு வருவது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால், ஃபேன் ஓடும்போது ஒரு மெல்லிய தாளை அருகில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, பறந்தால் தள்ளுகிறது.

சரி, அளவுகளுக்கு வருவோம். உங்கள் கார்டு 310 மி.மீ. கேபினெட்டின் விவரத்தில் "கார்டு நீளம் 330 மி.மீ. வரை" என்று போட்டிருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அந்த நீளத்துக்குள் வேறு எதுவும் மாட்டாதபோதுதான் அந்தக் கணக்கு. அங்கே லிக்விட் கூலரின் (பிராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் கருவி) ரேடியேட்டர் வைத்தால் அதன் தடிமன் வழக்கமாக 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., மொத்தம் 52 போய் 278தான் மிஞ்சும். மேலே ரேடியேட்டர் வைப்பதானாலும் அதே 52 மி.மீ. மதர்போர்டின் மேல் விளிம்புக்கு மேலே வேண்டும். இடம் குறைவாக இருந்தால், விளக்கு வைத்த உயரமான ரேம் குச்சிகளில் ரேடியேட்டர் இடிக்கும். நீங்கள் லிக்விட் கூலர் பற்றி எழுதவில்லை. உங்கள் பிராசஸர் நடுத்தர ரகம் என்றால் பிராசஸர் மேல் நிமிர்ந்து நின்று காற்றால் குளிர்விக்கும் ஒரு நல்ல டவர் கூலரே போதும். 120 மி.மீ. ஃபேன் வைத்த டவர் கூலர்கள் பெரும்பாலும் 150 முதல் 165 மி.மீ. உயரம் இருக்கும். கேபினெட் அனுமதிக்கும் உயரத்துக்கும் கூலருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

கார்டின் நீளத்தைப் பார்க்கிறவர்கள் அதன் உயரத்தை, அதாவது மதர்போர்டிலிருந்து இடப்பக்கக் கண்ணாடியை நோக்கி நீளும் அளவை, மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி கேபினெட்டில் இதுதான் ஆபத்தான அளவு. கார்டு 140 மி.மீ. உயரம் என்றால், பவர் கேபிள் அதன் விளிம்பில் குத்தி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். புதிய 16 பின் கனெக்டர் உள்ள கார்டுகளில், கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை கேபிளை வளைக்கக்கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. ஆக 175 மி.மீ. வேண்டும். கண்ணாடி கேபிளை அழுத்தி மூடினால், கனெக்டர் முழுதாக உட்காராமல் சூடேறி உருகும் வாய்ப்பு இருக்கிறது. கண்ணாடியை லேசாகத் தள்ளி மூட வேண்டியிருந்தால், அந்த கேபினெட் உங்கள் கார்டுக்கு ஆகாது என்று அர்த்தம். பழைய 8 பின் கனெக்டர் இவ்வளவு கறார் இல்லை. ஆனாலும் அழுத்தம் கூடாது.

எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி, அதன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஏடிஎக்ஸ் அளவா, அதைவிடச் சிறிய எஸ்எஃப்எக்ஸ் அளவா என்று பாருங்கள். ஏடிஎக்ஸ் என்றால் எத்தனை மி.மீ. நீளம் வரை இடம் இருக்கிறது என்றும், கழற்றி மாட்டும் கேபிள்கள் வளைய மேலும் சில செ.மீ. மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள்.

விளக்குகளில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுதான், ஆனால் அதில் தவறினால் சரிசெய்ய முடியாது. இப்போது வரும் ஃபேன்களில் பெரும்பாலும் ஏஆர்ஜிபி விளக்கு (ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டும்), 5 வோல்ட், மூன்று பின். பழைய ஆர்ஜிபி (எல்லாம் ஒரே நிறம் காட்டும்) 12 வோல்ட், நான்கு பின். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட் இணைப்பில் எப்படியோ நுழைத்துவிட்டால் விளக்குகள் அப்போதே கருகிவிடும். உங்கள் மதர்போர்டில் 5 வோல்ட் மூன்று பின் இணைப்பு இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால், கேபினெட்டோடு தனி கண்ட்ரோலரும் அதற்கு ஒரு பட்டனும் வர வேண்டும். விளக்கால் சூடு ஏறுமோ என்ற கவலை வேண்டாம். ஒரு ஃபேனின் விளக்குகள் எடுப்பது சில வாட்தான்.

விளக்கைவிட, ஃபேனின் வேகம் எப்படிக் கட்டுப்படுகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேபினெட்டோடு இலவசமாக வரும் ஃபேன்கள் சில, பெரிய நான்கு பின் மோலக்ஸ் கனெக்டரில் நேரடியாக மின்சாரம் எடுத்துக்கொண்டு எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும். நள்ளிரவில் எடிட்டிங் செய்யும்போது அந்த இரைச்சல் எரிச்சலூட்டும். மதர்போர்டின் ஃபேன் இணைப்பில் சேரும் பிடபிள்யூஎம் ஃபேன்கள் என்றால், சூட்டுக்குத் தகுந்தபடி வேகம் கூடிக் குறையும். ஒரே இணைப்பில் பல ஃபேன்களைக் கோப்பதானால், பல மதர்போர்டுகளில் ஓர் இணைப்பின் எல்லை 1 ஆம்பியர் என்பதை நினைவில் வையுங்கள். ஃபேன்களின் மேல் அச்சிட்டிருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள்.

முன்பக்கத்தில் டைப்-சி இருக்கிறதா, அதற்கான உள் இணைப்பு உங்கள் மதர்போர்டில் இருக்கிறதா என்றும் ஒருமுறை சரிபாருங்கள். பல மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுகளில் அது இல்லை.

இனி கண்ணாடியைப் பற்றி. டெம்பர்டு கண்ணாடியா, அக்ரிலிக்கா என்று முதலில் பாருங்கள். அக்ரிலிக் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். டெம்பர்டு கண்ணாடி 3 அல்லது 4 மி.மீ. தடிமனில் வரும். 40 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவுள்ள 4 மி.மீ. கண்ணாடி சுமார் 1.6 கிலோ எடை. நடுவில் தட்டினால் நன்றாகத் தாங்கும், ஆனால் அதன் பலவீனம் முழுக்க விளிம்பிலும் மூலையிலும் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் ஒரு கண்ணாடியைக் கழற்றி, டைல்ஸ் தரையில் நிறுத்திச் சுவரில் சாய்த்தேன். மூலை தரையில் பட்ட அந்த நொடியில் மொத்தமும் கல்கண்டு போல நொறுங்கிக் கொட்டியது. டைல்ஸ் பரப்பு கண்ணாடியைவிடக் கடினமானது. மூலையின் ஒரு புள்ளியில் கீறல் விழுந்தால் போதும், டெம்பர்டு கண்ணாடிக்குள் தேக்கி வைத்திருக்கும் இழுவிசை அதை முழுவதுமாகப் பிளந்துவிடும். அதற்குப் பிறகு, மடித்த துண்டின் மேல் படுக்கவைக்காமல் நான் எந்தக் கண்ணாடியையும் வைப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இதனால்தான் கண்ணாடி எப்படிப் பொருத்தப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். கண்ணாடியிலேயே துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கும் மாடலில், ஸ்க்ரூவை அதிகம் இறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் வரலாம். கண்ணாடியை இரும்புச் சட்டத்தில் ஒட்டி, சட்டத்தைப் பெட்டியில் மாட்டும் மாடல் பாதுகாப்பானது. கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடியா, தெளிவான கண்ணாடியா என்பது உங்கள் விருப்பம். தெளிவான கண்ணாடியில் விளக்கு பளிச்சென்று தெரியும், உள்ளே படியும் தூசியும் அதே அளவு தெரியும். அடியில் உள்ள தூசி வலையைப் பெட்டியைச் சாய்க்காமல் முன்னாலோ பக்கவாட்டிலோ உருவ முடிந்தால், மாதம் ஒருமுறை கழுவுவது சுலபம். சாய்த்தால்தான் வரும் என்றால், கண்ணாடி கேபினெட்டை அடிக்கடி சாய்க்க உங்களுக்கே பயமாக இருக்கும்.

அசெம்பிள் முடித்த பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடிகளை எல்லாம் மாட்டி, கேமோ வீடியோ ரெண்டரோ அரை மணி நேரம் ஓடவிட்டு, கார்டும் பிராசஸரும் எத்தனை டிகிரி காட்டுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இடப்பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு, அதே அறையில் அதே வேலையை மறுபடி ஓடவிடுங்கள். டிகிரி எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் சில பிராசஸர்கள் முழு லோடில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. மூன்று நான்கு டிகிரி குறைந்தால் கேபினெட் நன்றாகவே மூச்சு விடுகிறது. எட்டு, பத்து டிகிரி குறைந்தால் காற்று போதவில்லை. முதலில் ஃபேன்களின் திசையைச் சரிபாருங்கள், பிறகு அடியில் இன்னொரு ஃபேன் சேர்த்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், முன்பக்கம் வலைத்தகடு போட்ட மாடலுக்கு மாற்றிவிடுங்கள். அப்படி மாற்ற நேரலாம் என்பதால், இந்தச் சோதனை முடியும்வரை கேபினெட் வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.