பத்து நாள் பால்வாடியில் உதவப் போகிறீர்களா?

கேள்வி: அக்கா, நான் பெங்களூரில் பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் சபையிலிருந்து மும்பை தாராவிக்கு மிஷன் பயணம் போகிறோம். பத்து நாள் அங்கே ஒரு பால்வாடியில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு உதவியாளராக இருக்க வேண்டும். எனக்குப் பாடம் நடத்திப் பழக்கமே இல்லை. எப்படித் தயாராவது?

பதில்: பாடம் நடத்துவதை டீச்சர் பார்த்துக்கொள்வார். வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். அறை நிறையப் பிள்ளைகள் இருக்க, அவருக்கு இருப்பதோ இரண்டே கை. இன்னும் இரண்டு கையாகத்தான் நீங்கள் போகிறீர்கள். மூக்கைத் துடைத்துவிடுவது, செருப்பை ஜோடி சேர்ப்பது, கை கழுவ வரிசையில் நிறுத்துவது எல்லாம் உங்கள் வேலை.

அதிலும் ஒரு பக்குவம் உண்டு. ஒரு பையன் தண்ணீர் பாட்டிலை நீட்டுவான். பட்டென்று திறந்து கொடுத்துவிடாதீர்கள். மூடியை அரைத் திருகு தளர்த்தி அவன் கையிலேயே கொடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மீதியை அவனே திருகுவான். திறந்ததும் குடிக்க மறந்து, பக்கத்தில் இருப்பவளிடம் மூடியைக் காட்டுவான்.

முதல் நாள் யாரையும் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். ஒரு ஓரமாகத் தரையில் உட்காருங்கள். இரண்டாம் நாள் யாராவது ஒரு பிள்ளை தானாக வந்து உங்கள் முழங்காலில் சாயும். அழுகிற பிள்ளையிடம் "அம்மா இப்போ வந்துடுவாங்க" என்று சொல்லாதீர்கள். அது பொய் என்று அதற்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். "சாப்பிட்டு, பாட்டுப் பாடி முடிச்சதும் வருவாங்க" என்று சொல்லுங்கள். மணி தெரியாத வயதுதான், ஆனால் எதற்குப் பின் எது என்று நன்றாகத் தெரியும்.

பாஷை கலவையாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே இருப்பவர்களின் வீடுகளில் தமிழ், தெருவில் இந்தி, சுற்றிலும் மராத்தி. "அக்கா, பானி வேணும்" என்று ஒரு பிள்ளை கேட்டால் திருத்த வேண்டாம், தண்ணீர் கொடுங்கள். "சூசூ" என்றால் உடனே எழுந்திருங்கள்.

கழிப்பறைக்குத் தனியாகக் கூட்டிப்போகாதீர்கள். டீச்சரோ ஆயாவோ பார்வையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. யாரோ தன்னைத் தொட்டுத் துன்புறுத்துவதாக ஒரு பிள்ளை சொன்னாலோ, உங்களுக்கே அப்படிச் சந்தேகம் வந்தாலோ, குழுத் தலைவரிடம் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது தெரிந்தவர் எவருக்கும் கடமை, மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. நானும் சபையில் வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன். அந்த அறையில் பல மதத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளை யார் எந்தக் கதை சொன்னாலும் தலையாட்டும்; அந்தத் தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அரசு அங்கீகாரமோ நிதி உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்க முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு. ஜெபத்தை நீங்கள் தங்கியிருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பைக்கு வடக்கே போர்டி கிராமத்தில் கல்வியாளர் தாராபாய் மோடக் 1945இல் சின்னப் பிள்ளைகளுக்கான வேலையைத் தொடங்கினார், அனுதாய் வாக் துணையோடு. பிள்ளைகள் பால்வாடிக்கு வரவில்லை என்றதும் குடிசைகளின் முற்றத்துக்கே வகுப்பைக் கொண்டுபோனார்கள். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் அப்படி வந்ததுதான். நீங்களும் அடுத்தவர் வீட்டு முற்றத்துக்குத்தான் போகிறீர்கள். முகம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

மூட்டை நிறைய பொம்மையும் சாக்லேட்டும் வேண்டாம். புறப்படுவதற்கு முன்பே டீச்சருக்கு போன் போட்டு என்ன தேவை என்று கேளுங்கள். கைக்குட்டை நாலைந்து, தரையில் உட்கார வசதியான பருத்தி உடை, முடியைக் கட்ட ஒரு பேண்ட் இருந்தால் போதும். தொங்கும் கம்மல் போடாதீர்கள், பிடித்து இழுப்பார்கள்.

எனக்கு அதிகக் கவலை நீங்கள் கிளம்பும் நாளைப் பற்றித்தான். பல வருஷம் முன்பு, நான் பொறுப்பில் இருந்த ஒரு வகுப்புக்கு வந்த பெண், ஒரே ஒரு குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அன்பாகத்தான் செய்தாள், நானும் தடுக்கவில்லை. அவள் போன பிறகு ஒரு வாரம் அந்தக் குழந்தை விளையாட வராமல் வாசலிலேயே நின்றது. இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது. ஆகவே எட்டாம் நாளே விரலை மடக்கிக் காட்டிச் சொல்லிவிடுங்கள், இன்றையோடு சேர்த்து மூன்று நாள்தான் அக்கா இருப்பேன் என்று. திரும்பி வருவது நிச்சயமில்லை என்றால் "மறுபடி வருவேன்" என்று சொல்ல வேண்டாம். கடைசி நாள் டீச்சரே டாட்டா சொல்ல வைக்கட்டும். அவர் அடுத்த பாட்டைத் தொடங்கி, பிள்ளைகள் அவர் பக்கம் திரும்பிய பிறகு நீங்கள் செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள்.