தீட்டாவா, கண் தாவலா? ஈஈஜி, ஐ-டிராக்கர் கேள்வி-பதில்

எது எங்கே இருந்தது என்ற நினைவைச் சோதிப்பவர்கள், தலையில் வைத்த மின்முனைகளால் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜியோடு, கண் எங்கே பார்க்கிறது என்று பதியும் ஐ-டிராக்கரையும் சேர்த்துப் பதிவு செய்வது இப்போது சாதாரணமாகிவிட்டது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கடைசியில் கண்ணிடம்தான் வந்து நிற்கின்றன.

ஈஈஜி ஒரு கணினியில், ஐ-டிராக்கர் இன்னொன்றில். பிறகு எப்படிப் பொருத்துவது?

பதிவு நடக்கும்போதே ஒரே டிரிக்கர் (நேரத்தைக் குறிக்கும் சிக்னல்) இரண்டுக்கும் போயிருக்க வேண்டும். தொடக்கத்தில் மட்டும் ஒன்று போதாது. இரண்டு கடிகாரங்களும் 10 லட்சத்தில் 10 பங்கு வித்தியாசத்தில் ஓடினால்கூட, ஒரு மணி நேரத்தில் 36 மில்லிசெகண்ட் விலகிவிடும். ஒவ்வொரு டிரயலுக்கும் (சோதனையின் ஒரு சுற்று) டிரிக்கர் அனுப்பி, இடைப்பட்ட நேரத்தை நேர்கோட்டில் நிரப்புங்கள். பொருத்தியதும் ஒரு சோதனை: கண்ணோரத்து மின்முனைகளின் சிக்னலையும் ஐ-டிராக்கரின் கிடைமட்டப் பார்வையையும் எடுத்து கிராஸ்-கோரிலேஷன் (ஒன்றை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே இரண்டும் அதிகம் ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது) போடுங்கள். உச்சம் பூஜ்ய நேர விலகலில் விழ வேண்டும். விழாவிட்டால் அடுத்த படிக்கே போகாதீர்கள்.

ஐசிஏ (கலந்த சிக்னலைத் தனித்தனி மூலங்களாகப் பிரிக்கும் கணக்கு) போட்டு கண் சிமிட்டலை நீக்கிவிட்டேன். டேட்டா சுத்தம்தானே?

சிமிட்டல் சுலபமானது, கண்ணுக்கே தெரியும். சிக்கல் மற்ற இரண்டில். ஒன்று, கார்னியா (கண்ணின் முன்படலம்) நேர்மின், விழித்திரை எதிர்மின் என்பதால் விழி திரும்பும்போதெல்லாம் தலை முழுக்க மின்னழுத்தம் மாறும். இன்னொன்று, சக்காட் என்கிற கண் தாவல் தொடங்கும் கணத்தில் கண் தசைகள் எழுப்பும் கூர்மையான சின்னத் துடிப்பு. படம் தோன்றி 200-300 மில்லிசெகண்டில் தெரிந்த காமா என்ற வேக அலையை மூளையின் வேலை என்று பலரும் எழுதி வந்தார்கள். அதில் பெரும்பங்கு மைக்ரோ தாவல்களின் இந்தத் துடிப்புதான் என்று யுவால்-கிரீன்பெர்க் குழு 2008இல் காட்டியது.

இதைப் பிடிக்க, ஐசிஏ பயிற்சிக்கு டேட்டாவின் தனி நகல் ஒன்று எடுங்கள். அதில் ஹை-பாஸை (மெதுவான அலைகளை வெட்டும் ஃபில்டர்) 2 ஹெர்ட்ஸ் வரை ஏற்றி, தாவல் தொடங்கும் துண்டுகளைக் கூடுதலாகச் சேருங்கள். 40 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் (வேகமான அலைகளை வெட்டும் ஃபில்டர்) வேண்டாம், துடிப்பே அடிபட்டுப் போகும். அதில் கிடைக்கும் பிரிப்பு வெயிட்டுகளை அசல் டேட்டாவுக்குப் பயன்படுத்துங்கள். பிரிந்து வந்த மூலங்களில் (கம்பொனென்ட்) எது கண்ணுடையது என்பதையும் படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். தாவல் நேரத்தில் அதன் வேரியன்ஸ் (ஏற்ற இறக்கம்), பார்வை நிலைத்திருக்கும் நேரத்ததைவிட அதிகமா என்று ஐ-டிராக்கரே சொல்லிவிடும்.

பின்னால் நினைவுக்கு வந்த இடங்களைப் பார்த்தபோது தீட்டா (மெதுவான ஒரு மூளை அலை) கூடியிருக்கிறது. இது ஹிப்போகாம்பஸின் (மூளையின் ஆழத்தில் உள்ள நினைவுப் பகுதி) வேலை என்று எழுதலாமா?

பொறுங்கள். அந்த டிரயல்களில் கண் எத்தனை முறை தாவியது, மறந்துபோன டிரயல்களில் எத்தனை முறை? எண்ணிப் பார்த்தீர்களா?

படத்தைச் சுதந்திரமாகப் பார்க்கும் கண் செகண்டுக்கு 3-4 முறை தாவும். ஒவ்வொரு முறை நிலைகொள்ளும்போதும் சுமார் 100 மில்லிசெகண்டில் பின்தலையில் ஒரு அலை எழும். அது வரிசையாக வந்தால் 3-4 ஹெர்ட்ஸ், அதாவது தீட்டாவின் வாசற்படி. அதிக முறை பார்த்தது நன்றாக நினைவில் நிற்கும் என்பதும் பழைய செய்தி. அப்படியானால் உங்கள் தீட்டா வித்தியாசம் வெறும் தாவல் கணக்காக இருக்கலாம். தாவல் எண்ணிக்கையும் தூரமும் ஒத்த டிரயல்களை மட்டும் ஒப்பிடுங்கள், அல்லது அன்ஃபோல்ட் போன்ற மென்பொருளால் ஒன்றன்மேல் ஒன்று விழும் அலைகளைப் பிரித்தெடுங்கள்.

பிரித்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டால் நினைவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள், அதுவும் அவசரம்தான். குரங்கின் என்டோரைனல் கார்டெக்ஸில் (ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்துப் பகுதி), உடல் நகராமல் பார்வை நகரும்போதே இடத்தை வரைபடம்போலக் குறிக்கும் கிரிட் செல்கள்போல இயங்கும் நியூரான்கள் உண்டு என்று 2012இல் வெளியானது. இட நினைவுக்குக் கண் தாவல் வெறும் தூசி இல்லை, வேலையின் ஒரு பகுதி. கண் தாவலின் பங்கைப் பிரிக்காமலும் பிரித்தும் கிடைத்த இரண்டு முடிவையும் கட்டுரையில் போடுங்கள்.

ஹிப்போகாம்பஸ்? கணினியில் மெய்நிகர் மேஸ் (வழிப்புதிர்) விளையாடியவர்களிடம் தீட்டாவைக் காட்டிய 1999 ஆய்வு, வலிப்பு நோயாளிகளின் மண்டைக்குள் வைத்த மின்முனைகளில் பதிந்தது. நெற்றி நடுவே கிடைக்கும் தீட்டாவை வைத்து அவ்வளவு ஆழத்துக்கு இறங்க முடியாது.

நினைவுகூரும் நேரத்தில் திரை காலி. ஆனாலும் பலர் பொருள் இருந்த இடத்தையே பார்க்கிறார்கள். அந்த டிரயல்களைத் தூக்கிவிடலாமா?

ஐயோ, வேண்டாம். வெற்றிடத்தைத் தேடிப்போகும் அந்தப் பார்வைதான் உங்களுக்குக் கிடைத்த நல்ல டேட்டா. வேறு டிரயல்களின் இடங்களை மாற்றிப் போட்டு, தற்செயலாகவே எவ்வளவு நேரம் அங்கே பார்த்திருப்பார்கள் என்று கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

ஆனால் ஈஈஜியிலிருந்து இடத்தை டிகோட் செய்வதாக (கணித்துச் சொல்வதாக) இருந்தால் கவனம். அதே டிகோடருக்குப் பார்வையின் எக்ஸ், ஒய் மட்டும் கொடுங்கள். அதுவும் சரியாகச் சொன்னால், மூளையைப் படித்தீர்களா கண்ணைப் படித்தீர்களா என்று ரிவ்யூவர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

கண்பாவையின் அளவையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், படங்களின் வெளிச்சம் சமமாக இருந்தால். இன்னொன்று, திரையின் ஓரத்தைப் பார்க்கும்போது கேமராவுக்குப் பாவை சாய்ந்து தெரிவதால் அளவு மாறியதுபோலப் பதிவாகும். இடமே கேள்வியாக உள்ள சோதனையில் இதைத் திருத்தாமல் விட்டால் முடிவு செல்லாது.

கிளஸ்டர் பெர்மியூட்டேஷன் டெஸ்டில் (டேட்டாவைக் கலைத்துப் போட்டு, வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) வித்தியாசம் 180 மில்லிசெகண்டில் தொடங்குகிறது என்று வந்தது. அப்படியே எழுதலாமா?

கூடாது. இரண்டு நிலைகளுக்கும் வித்தியாசம் உண்டு என்பது வரைதான் அந்த டெஸ்ட் சொல்லும். எப்போது தொடங்கியது, எந்த மின்முனையில் என்பதற்கெல்லாம் அது பொறுப்பேற்காது.